சித்தப்பாவோடு 480 கி.மீ. நிதி திரட்டும் சைக்கிள் பயணம்: வேகம் ஒத்துப்போகவில்லை, யோசனை சொல்லுங்கள்

தொலைதூரி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் ஓர் அறக்கட்டளைக்காக நான்கு நாளில் 480 கி.மீ. ஓட்டும் பயணத்துக்கு நானும் என் சித்தப்பாவும் பெயர் கொடுத்திருக்கிறோம். ஒரு நாளைக்குச் சராசரியாக 120. இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

யோசனையே அவருடையதுதான். வயது 58. சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் ஆள் திடமானவர், சைக்கிளை விட்டதே கிடையாது. நான் கொஞ்ச வருடமாகத் தொடர்ந்து ஓட்டுகிறேன். சமதரையில் நான் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போனால் அவர் 18இல் வருவார். மேடு வந்தால் இடைவெளி இன்னும் கூடும்.

சிக்கல் வேகம்கூட இல்லை. "களைப்பா இருக்கா சித்தப்பா?" என்று கேட்டால் "எனக்கென்ன, நீ போ" என்பார். மறுநாள் அவர் நாள் முழுக்கப் படுத்தே கிடந்ததைச் சித்தி போன் பண்ணிச் சொன்னால்தான் தெரியும். இவரை வைத்துக்கொண்டு நான்கு நாளை எப்படிச் சமாளிப்பது? பயிற்சி, சீட், பணம் திரட்டுவது எதைப் பற்றியும் சொல்லலாம், எல்லாமே குழப்பமாகத்தான் இருக்கிறது.

பஞ்சர்பை

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 120 கி.மீ.யை 25 வேகத்தில் ஓட்டினால் ஐந்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 18இல் ஓட்டினால் 6 மணி 40 நிமிடம். சாப்பாடு, தண்ணீர், பஞ்சர், போட்டோ எல்லாம் சேர்த்தால் ஒன்பது மணி நேரம் வெளியில் இருப்பீர்கள். அதனால் திட்டத்தை அவருடைய வேகத்தில் போடுங்கள், மூன்றாம் நாளிலிருந்து 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 25ஐ மறந்துவிடலாம்.

அப்புறம், அவர் மெதுவான ஆள் என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க நடக்கும் 200 கி.மீ. பிரவே பயணங்களுக்கு (போட்டி இல்லை, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) கொடுக்கும் நேரம் 13½ மணி. நிற்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு, அதாவது மணிக்கு 15க்கும் கொஞ்சம் குறைவு. 58 வயதில் 18 என்பது கௌரவமான வேகம்.

மேடுபள்ளம்

அவரை உங்கள் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டி வரச் சொல்லுங்கள். காற்றை நீங்கள் வாங்கிக்கொண்டால் அவர் பாரம் பாதியாகும்.

பஞ்சர்பை

பாதியெல்லாம் ஆகாது. 30ஐத் தாண்டிய வேகத்தில் நெருக்கமாகப் பின்னால் வந்தால் கால்பங்கு உழைப்பு மிச்சமாகலாம். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு. 18இல் அந்தப் பங்கு குறையும், மிச்சமும் குறையும். எதிர்க்காற்று அடித்தால் கதை வேறு. 18இல் ஓட்டும்போது எதிரே 15இல் காற்று வீசினால் அவர் முகத்தில் அடிப்பது 33. அப்போது உங்கள் முதுகு அவருக்குப் பெரிய உதவி.

மேட்டில் உங்கள் முதுகால் பயனே இல்லை. அங்கே எதிரி எடை. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. ஏறவே, புவியீர்ப்புக்கு மட்டும் சுமார் 130 வாட் கொடுக்க வேண்டும். அங்கே அவரைக் காப்பாற்றப்போவது கியர். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஒட்டி ஓட்டுவது பழக்கம் இல்லாதவரை ஒட்டி வரச் சொல்லாதீர்கள். முன்னால் இருப்பவர் பள்ளத்துக்கு ஒதுங்கினால் பின்னால் வருபவரின் முன்சக்கரம் உரசும். விழுவது எப்போதும் பின்னால் வருபவர்தான்.

நிதானமே பிரதானம்

பயிற்சிக்கு வருகிறேன். 480ஐ முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை, 120ஐக்கூட ஓட்டிப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரே நாளில் 90 வரை வந்துவிட்டு, மறுநாளும் எழுந்து 70 ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள். பலநாள் பயணத்தில் உடம்பைச் சோதிப்பது தூரம் அல்ல, இரண்டாம் நாள் காலை. முதல் நாள் ஓட்டம் யாருக்கும் ஒத்துக்கொள்ளும். மறுநாள் ஆறு மணிக்கு அதே சீட்டில் உட்காரும்போதுதான் உண்மை தெரியும்.

சனி, ஞாயிறு சேர்த்து ஓட்டுங்கள். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறையுங்கள். வயது ஏற ஏற ஓய்வு அதிகம் வேண்டும், உங்கள் அட்டவணையை அவருக்கு அப்படியே போடாதீர்கள். கடைசிப் பத்து நாளில் தூரத்தைக் குறைத்துவிடுங்கள். அப்போது புதிதாகப் பலம் ஏறாது, அலுப்பு மட்டும்தான் ஏறும்.

தொலைதூரி

பின்னால் பெரிய பல்சக்கரம் 28. முன்னால் சின்னது 34.

சீட் பற்றியும் கேட்க வேண்டும். அவர் மெத்தென்று ஒரு ஜெல் உறை வாங்கி மாட்டியிருக்கிறார். 40 கி.மீ. தாண்டினால் நெளிய ஆரம்பிக்கிறார். என்னிடம் எதுவும் சொல்வதில்லை, நெளிவது மட்டும் பின்னாலிருந்து தெரிகிறது.

பஞ்சர்பை

ஜெல் உறையைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். அரைமணி நேர ஓட்டத்துக்கு மெத்தை சுகம். ஆறு மணி நேரத்துக்கு ஆகாது. உட்காரும் எலும்புகள் இரண்டும் மெத்தைக்குள் புதைந்துவிடும், அப்புறம் பாரம் முழுக்க நடுவில் இருக்கும் மென்மையான இடத்தில் இறங்கும். மரத்துப்போவது அதனால்தான். எலும்பு அகலத்துக்கு ஏற்ற, ஓரளவு கெட்டியான சீட்தான் நல்லது. மூக்குப் பகுதி மேலே தூக்கியிருந்தால் சமமாக்குங்கள்.

மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டை கட்டாயம். அதற்குள் உள்ளாடை போடக்கூடாது. இதைப் பலர் சொல்லவே கூச்சப்படுவார்கள். உள்ளாடைத் தையல்தான் தோலை அறுக்கும். உரசும் இடத்தில் களிம்பு தடவிக்கொள்ளலாம். தினமும் துவைத்த கால்சட்டை வேண்டும், ஆகவே குறைந்தது இரண்டு.

தொலைதூரி

உள்ளாடை விஷயத்தை நான் சித்தப்பாவிடம் சொல்வதா? இந்த இழையின் இணைப்பை அனுப்பிவிடுகிறேன், அவரே படித்துக்கொள்ளட்டும்.

மேடுபள்ளம்

சீட் உயரத்தையும் பாருங்கள். குதிகாலை மிதியில் வைத்து, மிதி கடைசிக் கீழ்நிலைக்கு வரும்போது கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். தெருவில் பார்க்கும் பாதிப்பேர் சீட்டைத் தாழ்த்தித்தான் வைத்திருப்பார்கள், நின்றால் கால் தரையில் பட வேண்டுமாம்!

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகிறதா என்றும் கேளுங்கள். உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுந்துவதால் வருவது. கைப்பிடியில் கை வைக்கும் இடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும்.

வெள்ளைக்கோட்டு

மருத்துவமனையில் வேலை செய்கிறேன். அவருடைய மருத்துவர் நான் இல்லை, ஆகவே மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். மாத்திரைப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். "தினம் ஆறேழு மணி நேரம், தொடர்ந்து நான்கு நாள்" என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். "கொஞ்சம் சைக்கிள் ஓட்டலாமா?" என்று கேட்டால் எந்த மருத்துவரும் தாராளமாக ஓட்டுங்கள் என்றுதான் சொல்வார். இதயத்துக்கு என்ன பரிசோதனை வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்வார்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் நன்றாக இறங்கலாம். ஓட்டும்போது மட்டும் அல்ல, அன்று இரவு தூக்கத்திலும். அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் குழறல் தெரிந்தால் உடனே நிறுத்தி வேகமாக ஏறும் சர்க்கரை 15 கிராம் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். குளுக்கோஸ் அவர் பையில் மட்டும் இருந்தால் போதாது, உங்கள் பையிலும் இருக்கட்டும்.

ரத்த அழுத்த மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை என்றால் இதயத்துடிப்பு ஓர் அளவுக்கு மேல் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி "இன்னும் வேகமாகப் போகலாம்" என்று முடிவெடுக்கக்கூடாது. பேச்சுச் சோதனைதான் சரி. முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் வேகம் அதிகம். "எனக்கென்ன" என்பதை வாக்கியமாகக் கணக்கில் எடுக்காதீர்கள்.

முக்கியமாக, முட்டி வலிக்கிறது என்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது, ரத்த அழுத்த மாத்திரையும் கூட இருந்தால், அந்த வலிநிவாரணிகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சிறுநீரக நோயாளிகளுக்காக ஓட்டப்போய் நம் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டால் என்ன நியாயம்?

நிதானமே பிரதானம்

தண்ணீருக்கு ஒரு எளிய வழி: பயிற்சி நாளில் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் குடித்ததற்கும் மேலாக ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், அதுவும் ஆபத்து. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

சாப்பாடு, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுக்கணக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 27 கிராம். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருக்காதீர்கள். சித்தப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் அவர் அளவை மேலே சொன்ன மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்விக்குறி

நடுவில் வருகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அறக்கட்டளைக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்றால் கொடுத்துவிட்டுப் போகலாமே? நாலு நாள் ஊர் சுற்ற அடுத்தவனிடம் எதற்குக் கை நீட்ட வேண்டும்?

மேடுபள்ளம்

வந்துட்டாருய்யா.

பஞ்சர்பை

கேள்வி நியாயமானதுதான். வண்டி, தங்குமிடம், சாப்பாடு, நுழைவுக் கட்டணம் எல்லாம் நன்கொடையிலிருந்து போனால் அது உல்லாசப் பயணம். சொந்தச் செலவு என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பெரிய பயணங்களிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. அமெரிக்காவில் 1980இல் தொடங்கிய பான்-மாஸ் சேலஞ்ச், ஓட்டுநர்கள் திரட்டும் பணம் முழுவதையும் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்துக்கே கொடுக்கிறது. நடத்தும் செலவை வேறு வழியில் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாரும் அப்படி இல்லை. நீங்கள் சேரும் பயணத்தில் எவ்வளவு போய்ச் சேருகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், நன்கொடைப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

மற்றபடி, மனிதர்கள் கேட்டால்தான் கொடுக்கிறார்கள். 58 வயதுக்காரர் 480 கி.மீ. ஓட்டுகிறார் என்பது கேட்பதற்கு ஒரு காரணம். அதற்கு மேல் பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

தொலைதூரி

செலவு எங்களுடையதுதான். சிக்கல் வேறு. சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார். அத்தை ஒருவர் மனம் புண்பட்டுவிட்டார். அதோடு "கிலோமீட்டருக்கு இவ்வளவு" என்று வாக்குக் கொடுத்தவர்கள் வேறு இருக்கிறார்கள்.

நிதானமே பிரதானம்

பட்டியலை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். தொகை தெரியாமல் கொடுக்க ஒரு வழி இருக்க வேண்டும். குழுவில் பொதுவாகக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தனித்தனியாக நாலு வரி எழுதிக் கேளுங்கள். அத்தைக்கு எழுதுவதை நீங்களே எழுதுங்கள், சித்தப்பாவை எழுத விடாதீர்கள்.

கிலோமீட்டர் கணக்கு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நானும் என் மச்சானும் ஒரு முறை அப்படிப் போனோம். மூன்றாம் நாள் அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. வண்டியில் ஏறுங்கள் என்றால் "இன்னும் 60 கிலோமீட்டர் காசு போயிடும்" என்கிறார். அதற்கு அப்புறம் பல மாதம் அவர் சைக்கிளைத் தொடவில்லை. தூரத்தோடு பணத்தைக் கட்டினால், நிறுத்த வேண்டிய ஆள் நிறுத்த மாட்டார். கேட்டால் "எனக்கென்ன" என்று சொல்லும் சித்தப்பாவுக்கு இது இன்னும் மோசம். வாக்குக் கொடுத்தவர்களிடம் பேசி மொத்தத் தொகையாக மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் யாரும் மறுக்க மாட்டார்கள்.

கேள்விக்குறி

சரி, செலவு சொந்தம் என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. நன்கொடைப் பக்கத்தின் இணைப்பு இருந்தால் அனுப்புங்கள்.

வெள்ளைக்கோட்டு

நிறுத்துவது பற்றி ஒன்று. யார், எப்போது, எதற்காக நிறுத்தலாம் என்பதைப் பயணத்துக்கு முன்பே, வீட்டில் உட்கார்ந்து, சித்தியையும் வைத்துக்கொண்டு பேசி முடித்துவிடுங்கள். சாலை ஓரத்தில் வியர்த்துப்போய் நிற்கும்போது சின்னவள் சொல்லி அவர் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது. நெஞ்சில் அழுத்தம், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு, தலைசுற்றல், சர்க்கரை இறக்கம் என்றால் விவாதமே கிடையாது, உதவி வண்டிதான். முன்பே ஒத்துக்கொண்ட விதி என்றால் அவருடைய மரியாதைக்கும் குறைவில்லை.

அந்தச் சித்தப்பா (புதிய உறுப்பினர்)

அனைவருக்கும் வணக்கம். நான்தான் அந்தச் சித்தப்பா. மகள் இணைப்பு அனுப்பினாள், முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்துவிட்டேன், உள்ளாடை விவகாரம் உட்பட. ஜெல் உறையைக் கழற்றிவிட்டேன். பட்டியலையும் நிறுத்திவிட்டேன். அத்தையிடம் நானே பேசிக்கொள்கிறேன், அவர் என் அக்கா.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் நான் களைப்பைச் சொல்வதில்லை என்கிறீர்கள். எப்போது சொல்வது? மேட்டின் உச்சியில் எனக்காகக் காத்திருப்பாள். ரொம்ப நல்ல பிள்ளை. பத்து நிமிடம் மர நிழலில் நின்று, தண்ணீர் குடித்து, போனைப் பார்த்திருப்பாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேருவேன். "வந்துட்டீங்களா சித்தப்பா, போலாமா?" என்று கால் தூக்கி ஏறுவாள். அவளுக்குப் பத்து நிமிட ஓய்வு, எனக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. நாள் முழுக்க இதே கதை. பிறகு ஏன் மறுநாள் படுக்க மாட்டேன்?

பஞ்சர்பை

அய்யா, இதை வருடக்கணக்காகக் கத்திக்கொண்டிருக்கிறோம், யாரும் கேட்பதில்லை! குழு ஓட்டத்தில் பின்னால் வருபவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. நிறுத்தத்தில் கடைசி ஆள் கால் ஊன்றிய பிறகுதான் கடிகாரம் தொடங்க வேண்டும். இன்னும் நல்லது, அவர் முன்னால், நீங்கள் பின்னால். வேகத்தை அவர் வைப்பார், நீங்களும் அவரைப் பார்த்துக்கொண்டே வரலாம். எதிர்க்காற்று அடிக்கும்போது மட்டும் முன்னால் போங்கள்.

தொலைதூரி

சித்தப்பா, இதை வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே! சரி. இனி உச்சியில் நீங்கள் இறங்கி உட்கார்ந்த பிறகு பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீங்கள் முன்னால். ஆனால் இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ச்சியாக அழுத்திப் பிடிக்காமல் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், பின்னால் வரும் எனக்குத்தான் உங்கள் ரப்பர் கருகும் வாசனை.

அந்தச் சித்தப்பா

ஒப்புக்கொள்கிறேன். நிறுத்தும் விதியையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன், சித்தி சாட்சி. விதி இரண்டு பேருக்கும் பொது. போன மாதம் சுளுக்கிய கணுக்காலோடு ஓட்டியது யார் என்று இந்த இழையில் சொல்லவில்லை.

பஞ்சர்பை தம்பி, கியர் பற்றிப் பல் எண்ணிக்கை கேட்டீர்கள், மகள் சொன்னாள், அதற்கு உங்கள் பதில் வரவில்லை. 28ஐ மாற்ற வேண்டுமா?

பஞ்சர்பை

மாற்றுங்கள் அய்யா. 34க்கு 28இல் நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் வேகம் 10½க்கு மேல். செங்குத்தான மேட்டில் 7ஆகக் குறைந்தால் மிதி 46 சுற்றுக்கு இறங்கிவிடும். முழங்கால் தாங்காது. பின்னால் 34 போட்டால் அதே 7இல் 55 சுற்று மிதிக்கலாம். 36 என்றால் இன்னும் இலகு.

வாங்குவதற்கு முன்னால், பின்சக்கரத்தில் சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றித் தரும் டிரெய்லியரை (derailleur) பாருங்கள். அதில் சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் கை போன்ற பகுதிதான் கூண்டு. குட்டைக் கூண்டு என்றால் 34, 36 எல்லாம் ஏற்காது, நீளக் கூண்டு வேண்டும். முன் பல்சக்கரங்களின் வித்தியாசத்தையும் பின் பல்சக்கரங்களின் வித்தியாசத்தையும் கூட்டுங்கள். 50/34, 11-36 என்றால் 16ம் 25ம் சேர்ந்து 41. டிரெய்லியரின் கொள்ளளவு அதற்குக் குறையக்கூடாது. சங்கிலியும் நீளமாக வேண்டியிருக்கும்.

டயரை மாற்றுவதானால் 28 அல்லது 32 மி.மீ. பாருங்கள். பஞ்சர் ஆனால் புது டியூபைப் போடும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் சுற்றித் துடையுங்கள். நெடுஞ்சாலையில் லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பி, முடியளவு மெல்லியதாக ரப்பரில் குத்தி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, துணியில் மாட்டும். அதை எடுக்காமல் டியூபை மாற்றினால் ஐந்து கிலோமீட்டரில் மறுபடி இறங்கும்.

அந்தச் சித்தப்பா

டிரெய்லியரில் ஏதோ எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கிறது, கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. மகள் நாளை வந்து படம் எடுத்துப் போடுவாள்.